சாகச நூல் (மேசைக் கதையாட்டம்): தரமறிதல்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தில் நடத்துநர் கையில் வைத்திருக்கும் அச்சு நூல். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோரின் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது. அந்த ஆட்டத்துக்காக 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பின் 13 சாகசங்களுள் ஒன்று, இந்திய எழுத்தாளர் மிமி மொண்டல் வங்க மண்ணின் சாயலில் எழுதியது.

படிக்கச் சுவையாக இருப்பது வேறு, ஆடத் தகுந்திருப்பது வேறு. எடுத்துக்காட்டாக, மணிமங்கலம் என்ற ஊரில் நடந்த போரைக் களமாகக் கொண்ட ஒரு சாகச நூலை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ 642இல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் இவ்வூரையும் கூரம் செப்பேடு குறிக்கிறது. பல்லவர் வெற்றியைப் பூட்டிவைத்துவிட்டு ஆட்டக்காரரை வேடிக்கை பார்க்கவிடும் நூல், நடை எவ்வளவு அழகானாலும் தேறாது. ஒற்றனாக, காவலனாக, ஊரைவிட்டு ஓடும் குடும்பமாக வேடமேற்றவர் எடுக்கும் முடிவால் யார் பிழைப்பார், எந்தச் செய்தி பல்லவர் தலைநகரான காஞ்சிக்குப் போய்ச்சேரும் என்பது மாற வேண்டும். இதுவே தலையாய அளவுகோல்.

வரைபடமும் குறிப்புகளும் ஆட்டத்தின் நடுவே சட்டென்று கண்ணில் பட வேண்டும். ஓவியம், தாள், நூற்கட்டு எல்லாம் அதற்குப் பின்னர்தான். ஒருமுறையேனும் ஆடிப் பார்க்காமல் எழுதிய மதிப்புரையை நம்பி வாங்காதீர்கள்.