தடைக்கால வன்னியில் விசை, சக்தி, எந்திரப்பி

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வட பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி உள்ளிட்ட பல பொருட்களைக் கொண்டுசெல்ல இலங்கை அரசு தடை விதித்தது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே கிடைத்தது. தடை நீடித்த ஆண்டுகளில், அப்பகுதிகளில் ஒன்றான வன்னியின் மக்கள் கையாண்ட விளக்கு, வானொலி, வண்டி மூன்றும் பௌதிகத்தின் அடிப்படைகளை வீட்டு முற்றத்திலேயே விளக்கக்கூடியவை.

போத்தல் விளக்கு. ஜாம் போத்தலின் அடியில் மண்ணெண்ணெயில் நனைந்த பஞ்சு. அதிலிருந்து கம்பி தாங்கிய மெல்லிய நூல்திரி. போத்தலே சிமினியாகிக் காற்றை மறைக்கும். சில கரண்டி எண்ணெயோடு இரவில் நெடுநேரம் எரியும். ஒரு கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 170,000 ஜூல் சக்தி உண்டு. 10 லீற்றர் தண்ணீரைக் கிணற்றில் இருந்து 6 மீற்றர் உயர்த்த, ஏறக்குறைய 98 நியூட்டன் விசையோடு இழுத்து 590 ஜூல் அளவு வேலை செய்ய வேண்டும். அப்படியானால், அந்த ஒரு கரண்டி எண்ணெயில் அடங்கியிருப்பது சுமார் 290 முறை தண்ணீர் இறைக்கத் தேவையான சக்தி. அதில் நூற்றில் ஒரு பங்குகூட வெளிச்சமாகாது, மிச்சமெல்லாம் வெப்பமே.

தைனமோ வானொலி. சைக்கிள் தைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற்று தருவது. அதன் ஆடலோட்டத்தை டயோட்டுகளால் நேரோட்டமாக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, சுற்றியிருந்தவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். தைனமோவை ரயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். மின்சாரமாக வெளியேறும் ஒவ்வொரு ஜூலையும் கை ஈடுசெய்ய வேண்டியிருப்பதே அந்தக் கனத்துக்குக் காரணம். சக்தி அழியாது, இல்லாமையில் இருந்து பிறக்கவும் செய்யாது என்ற விதியைக் கை நேரடியாக உணரும் இடம் இது. ஒரு மணி நேரம் விடாமல் சுற்றினாலும் கிடைப்பது 10,800 ஜூல். ஒரு கரண்டி மண்ணெண்ணெயில் உள்ளதில் பதினாறில் ஒரு பங்கு. திரவ எரிபொருள் எவ்வளவு செறிவானது என்பதை வன்னியில் பெடல் சுற்றிய சிறுவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள். பெற்றோல் நீரின் உறைநிலைக்குக் கீழேயும் தீப்பற்றும் ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் இலகுவில் பற்றாது. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரிந்து முடியாத எண்ணெய் புகையாக வெளியேறும். செம்மையாக ஓடும் பெற்றோல் எஞ்சின்கூட எரிபொருள் சக்தியில் ஏறத்தாழ கால் பங்கையே இயக்கமாக்கும்.

எந்திரப்பி. ஒரு கனமீற்றர் சாதாரணக் காற்றின் மூலக்கூறுகளின் அசைவில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 250,000 ஜூல். மேலே சொன்ன ஒரு கரண்டி எண்ணெயில் இருப்பதைவிட இது அதிகம். தடைக்கால வன்னியின் ஒவ்வொரு வீட்டையும் சூழ்ந்து இத்தனை சக்தி கிடந்தும், அதைக் கொண்டு ஒரு விளக்கையும் ஏற்ற முடியவில்லை. வெப்பத்தில் இருந்து தொடர்ந்து வேலை பெற வேண்டுமானால் சூடான இடமும் குளிர்ந்த இடமும் இருக்க வேண்டும் என்று பிரான்சின் சாடி கார்னோ 1824இல் காட்டினார். எல்லாம் ஒரே வெப்பநிலையில் பரவிக் கிடந்தால் சக்தி இருந்தும் பயனில்லை. இந்தப் பரவலின் அளவுக்கு ஜேர்மனியின் ருடோல்ஃப் கிளவுசியஸ் 1865இல் சூட்டிய பெயரே எந்திரப்பி. வெளியோடு சக்தியையோ பொருளையோ பரிமாறாத தொகுதியில் அது குறையாது.

திரியில் எரிந்த எண்ணெயின் சக்தி அழிந்துவிடவில்லை. அறைக் காற்றிலும் சுவரிலும் வெளிவானிலும் சிதறியது. அதைத் திரட்டித் திரும்பவும் எண்ணெயாக்க, எரிந்தபோது கிடைத்ததைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். "சக்தித் தட்டுப்பாடு" என்று நாம் சொல்வது உண்மையில் சிதறாத சக்திக்கான தட்டுப்பாடு. தடை பறித்ததும் அதையே. திரியை மெல்லியதாக்கியும், பெற்றோலைத் துளியாக்கியும் மக்கள் காத்ததும் அதைத்தான். இந்த உத்திகளை வறுமையின் அடையாளமாக மட்டும் பேசுவது அந்த மக்களின் அறிவுக்குச் செய்யும் அநீதி.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின், வவுனியாவுக்கு வடக்கே செல்லும் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின் 2011இல் வடக்கு ரயில் பாதை வவுனியாவில் இருந்து அதற்கு வடக்கே உள்ள ஓமந்தை வரை திரும்பவும் இயங்கியது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை எட்டியது. போத்தல் விளக்குகள் பெரும்பாலும் வீசப்பட்டுவிட்டன. அவற்றைச் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வன்னிப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களுக்கு அவர்களை அழைத்து, ஒரு விளக்கையாவது மாணவர் முன் செய்துகாட்டச் சொல்லுங்கள்.