வட்டுக்கோட்டை: பாஸ்டன் மூடிய பள்ளியை ஊர் திறந்தது

1816-ல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்தபோது வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்தது கூரையில்லாத ஒரு தேவாலயம். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, 1678-ல் ஒல்லாந்தர் கையால் உருமாறி, ஆங்கிலேயர் ஆட்சியில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடம் அது. அதைச் செப்பனிட்டு, அதே வளவில் 1823-ல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் டேனியல் பூவர்.

அவர்கள் நினைத்தது கல்லூரி. தமிழும் ஆங்கிலமும் அறிவியலும் மட்டுமல்ல, சமஸ்கிருதம், ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன் வரை கற்பிக்கும் திட்டம். அப்படி ஒன்றை அமெரிக்கர்கள் நடத்துவதைக் கொழும்பிலிருந்த ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. அச்சுக்கூடம் நடத்த வந்த மிஷன்காரரையே 1820-ல் நாட்டைவிட்டு வெளியேற்றிய அரசு அது. ஆகவே பள்ளிக்கு 'மத்திய பள்ளி' என்று அடக்கமான பெயர். சில ஆண்டுகளில் அது 'செமினரி' ஆயிற்று. தலைமை நீதிபதி சர் ரிச்சர்ட் ஒட்லி மட்டும் வெளிப்படையாகவே ஆதரித்தார். வளவிலுள்ள ஒட்லி மண்டபம் அவர் பெயரைத் தாங்கியது.

மாணவர்களின் பெயர்களைப் படித்தால் யாருக்கும் குழப்பம் வரும். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால், அவனுக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். பிற்காலத்தில் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை, ஏடுகளில் ஆர்னல்ட். பெற்றோர் வைத்த பெயரை ஒருவர் பணத்துக்காக மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இருந்தும் அந்தப் பையன்களில் பலர் சொந்தப் பெயரை விடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

1829 மார்ச் 20-ஆம் தேதி சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதற்கு ஒரு நேரம் குறித்திருந்தது. பூவர் தாமே கணக்கிட்டுப் பார்த்தார். தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு மூன்றிலும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு வானத்தைப் பார்த்தவர்களுக்குப் பூவரின் கணக்கே சரியாக இருந்தது. இதைப் பஞ்சாங்கத்தின் தோல்வி என்று மிஷன் கொண்டாடியது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஒரு கிராமத்துப் பள்ளி மாணவர்கள், எழுதிவைத்த ஒன்றைக் கடிகாரத்தோடு நின்று சரிபார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 1841-ல் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கி நடத்திய ஆசிரியர்கள் இங்கே படித்தவர்கள்தான்.

இவ்வளவையும் 1855-ல் பாஸ்டனிலிருந்த மிஷன் தலைமையகம் மூடிவிட்டது. மிஷனின் தலைமைச் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், போதகர்களாக வருவதில்லை என்பது அவர் மனக்குறை. தாய்மொழியில் படிப்பித்துப் போதகர்களை உருவாக்கினால் போதும் என்று முடிவாயிற்று. தாய்மொழிக் கல்வி நல்ல கொள்கைதான். ஆனால் இங்கே அது கல்வியைக் குறுக்கப் பயன்பட்டது.

மூடிய இரண்டே ஆண்டில், 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள்: கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆசிரியரும் அவரிடம் படித்த மாணவரும் ஒன்றாகத் தேறினார்கள். கலித்தொகையை 1887-ல் அச்சேற்றித் தமிழுக்குத் தந்தவர் இந்தத் தாமோதரம்பிள்ளை.

பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கல்லூரி வேண்டுமென்று கேட்டார்கள், பணம் திரட்டினார்கள். 1872-ல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மறுக்கப்பட்ட 'கல்லூரி' என்ற பெயர், ஊரார் கேட்டபின் வந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த ஒல்லாந்தர் தேவாலயம் யாழ்ப்பாணப் பேராயத்தின் தலைமை ஆலயமாயிற்று. 1974-ல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் வந்தபோது, கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவை அரசு எடுத்துக்கொண்டது. விஞ்ஞான பீடம் முதலில் வட்டுக்கோட்டையிலேதான் நடந்தது.

செமினரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். பெண்கள் அறவே இல்லை. பெண்களுக்கென்று 1824-ல் உடுவிலில் தனியே ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. அதன் கதை அடுத்த வாரம்.