கடலுக்கும் எண்ணெய்க்கும் நடுவே

அசையாத குழாயில் விழுந்த ஓட்டையை அடைப்பது எளிது. சுழன்றுகொண்டிருக்கும் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதோ வேறு வகையான வேலை. அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு தேயும். தளர விட்டால் நீர் கசியும். மலையடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ள வ. புதுப்பட்டி போன்ற ஊர்களின் உழவர்கள் இதை நன்கறிவார்கள். பம்புசெட்டின் தண்டு வெளிவரும் இடத்தில் கயிற்றைத் திணித்துக் 'கிளாண்டு' இறுக்கும்போது, எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைதான் சொல்லும்.

கடற்கரையில் வாழும் நம் சகோதரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கிணற்று மேட்டில் நீர் கசிந்தால் பாய்ச்சல் குறையும். கடலில் கசிந்தால் படகே நடுக்கடலில் நின்றுவிடும். படகின் பின்புறம் தொங்கும் மோட்டார் நம் கரைக்கு வந்த கதையை எழுதுவோர், எந்த நாடு கொடுத்தது, எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு மீன் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறும் எழுதப்பட வேண்டியதே. ஏனெனில், அந்த மோட்டார் நம்முடையதாக மாறியது அப்போதுதான் என்று நாம் கருதுகிறோம்.

மோட்டார் வந்த வழி

நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், 1909-இல் மில்வாக்கி நகரில் வெளிப்பொருத்து மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன் மட்டுமே. மேலே எஞ்சின், நடுவே செங்குத்தாக இறங்கும் தண்டு, அடியில் பற்சக்கரங்களும் விசிறியும் என்ற அந்த அமைப்பு இன்றளவும் பெரிதாக மாறவில்லை. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1960-இல் இத்துறையில் இறங்கியது.

நம் கரைகளில் இயந்திரமயமாக்கல் பெரிய படகுகளோடு தொடங்கியது. 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் திட்டப்பணிகள் நடந்தன. எனினும், கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்த ஏழை மீனவருக்கு எஞ்சின் வெகுகாலம் எட்டாக் கனியாகவே இருந்தது. சிறிய வெளிப்பொருத்து மோட்டார்கள் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவியது 1980-களில்தான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது வழக்கமாயிற்று.

கட்டுமரத்தில் மோட்டாரைப் பொருத்துவது எளிதன்று. அதற்கேற்ற கலம் தேவைப்பட்டது. கோட்டாறு மறைமாவட்டக் கடற்கரையில், முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையம், ஒட்டுப்பலகையால் அலை தாண்டும் சிறு படகுகளைச் செய்து பார்த்தது. அம்முயற்சியில் முன்னின்ற பெல்ஜியம் நாட்டவர் பியர் கில்லே, தம் அனுபவங்களை 1985-இல் நாகர்கோவிலிலிருந்து நூலாக வெளியிட்டார். 'சிறியது கடினம்' என்று பொருள்படும் தலைப்பு அது. சூமாக்கர் 1973-இல் எழுதிய 'சிறியதே அழகு' என்ற புகழ்பெற்ற நூலின் தலைப்புக்கு மறுமொழி போல ஒலிக்கும் அச்சொற்களின் உண்மையை, மோட்டாரின் அடிப்பகுதியைக் கழற்றிப் பார்த்தவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

நீர் புகும் வாயில்கள்

அந்த அடிப்பகுதி ஓர் அலுமினியப் பெட்டி. செங்குத்தாக இறங்கும் தண்டின் சுழற்சியை, உள்ளே உள்ள பற்சக்கரங்கள் கிடைமட்டத் தண்டுக்கு மாற்ற, அதன் முனையில் விசிறி சுழல்கிறது. பற்கள் தேயாதிருக்கப் பெட்டி முழுவதும் கியர் எண்ணெய் நிறைந்திருக்கும். வெளியே உப்புக் கடல், உள்ளே எண்ணெய். இரண்டுக்கும் நடுவே நிற்பவை 'ஆயில் சீல்' எனப்படும் ரப்பர் வளையங்களும், திருகுகளின் கீழுள்ள சிறு வாஷர்களுமே.

நீர் புகுவதற்கு வழிகள் பல. விசிறித் தண்டைச் சுற்றியுள்ள சீல் முதலாவது. செங்குத்துத் தண்டின் சீல் இரண்டாவது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பு அதன் தலைமேலேயே அமர்ந்திருக்கிறது. கியர் மாற்றும் கம்பி நுழையும் துளை, எண்ணெய் ஊற்றும் திருகு, காற்று போகும் திருகு ஆகியவை ஏனையவை. சீலின் பகைவர்களோ நம் தொழிலிலேயே இருக்கின்றன. துறைமுகம் இல்லாத கரையில் படகை ஏற்றி இறக்கும்போது மணல் புகுந்து ரப்பரை அராவும். நைலான் வலையின் அறுந்த இழையோ, தங்கூசியோ விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டால், சிறுகச் சிறுக உள்ளேறி, கத்திபோல் சீலின் விளிம்பை வெட்டிவிடும். மீன்பாட்டைப் பெருக்கிய நைலானே மோட்டாரின் உயிருக்கு உலை வைக்கும் விந்தை இது.

மோட்டார் ஓடும்போது பெட்டி சூடேறுகிறது. நிறுத்தியதும் கடல்நீர் அதைக் குளிர்விக்க, உள்ளிருக்கும் காற்றும் எண்ணெயும் சுருங்கி வெளியிலிருந்து இழுக்கத் தொடங்குகின்றன. சேதமான சீல் அந்த வேளையில் நீரை உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே வலை விரித்து அமைதியாகக் காத்திருக்கும் நேரத்திலும் சேதம் வளர்கிறது.

பழுதுபார்க்கும் கலை

அனுபவமுள்ள மெக்கானிக், இரவு முழுவதும் நிறுத்தி வைத்த மோட்டாரின் கீழ்த்திருகைக் காலையில் மெதுவாகத் தளர்த்துவார். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே முதலில் நீர் சொட்டினால் கசிவு உறுதி. எண்ணெய் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலும் அதே பொருள்தான். பின்னர் எண்ணெயை வடித்துவிட்டு, பெட்டிக்குள் அளவாகக் காற்றை ஏற்றித் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்துவார். குமிழி எழும் இடமே குற்றவாளியின் இருப்பிடம்.

சீலை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. பழைய சீல் உரசிய இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் புதிய சீலும் நில்லாது. பல மோட்டார்களில் சீல்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். ஒன்று எண்ணெயை உள்ளே காக்கிறது, மற்றது கடலை வெளியே நிறுத்துகிறது. திசை மாற்றிப் பொருத்தினால் உழைப்பு வீண். இறுதியில் எண்ணெயை மேலிருந்து ஊற்றாமல், கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். அப்போதுதான் காற்று உள்ளே தங்காது. திருகுகளின் வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

இவற்றைப் புறக்கணித்தால் என்ன ஆகும்? உப்புநீர் பேரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும், பற்சக்கரம் உடையும். பாயும் துடுப்பும் கொண்ட முன்னோர் காற்றை நம்பிக் கரை சேர்ந்தனர். மோட்டாரை மட்டும் நம்பிப் போனவர், சிறு ரப்பர் வளையம் கிழிந்ததால் அலைகளின் போக்கில் மிதக்க நேரிடும். கரையிலோ மோட்டார் பட்டறையில் கிடக்கும் நாளெல்லாம் வருமானம் இல்லை. கடன் மட்டும் வளரும்.

கூட்டுறவின் பங்கு

இங்கேதான் மீனவர் சங்கங்களின் தொண்டு நினைக்கத்தக்கது. கரையிலேயே மீனை ஏலம்விட்டு, சேமிப்பையும் கடனையும் தம் கையில் எடுத்துக்கொண்ட கிராமச் சங்கங்கள், மாவட்டக் கூட்டமைப்புகளாக வளர்ந்தன. அவற்றின் தலைமை அமைப்பாகத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-இல் உருவாயிற்று. படகு கட்டுவதோடு, மோட்டார்களைத் தருவித்தல், உதிரிபாகங்கள் வழங்குதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றையும் அது மேற்கொண்டது. வெளிநாட்டு இயந்திரத்துக்கு உள்ளூர்க் கைகள் கிடைத்தன. உரிய உதிரிபாகம் உரிய நேரத்தில் கிடைப்பதென்பது, வட்டிக்காரனிடம் போகாத ஒரு மாதம் என்று பொருள்.

இதற்கு மாறான பாடத்தையும் நாம் கண்டோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சல் முதலான ஊர்களைச் சூறையாடியபின், உதவிகள் உலகெங்கிலுமிருந்து குவிந்தன. அந்த அன்பை நாம் மறக்கலாகாது. எனினும், தமிழகக் கடற்கரையில் தரம் குறைந்த படகுகளும் தேவைக்கு மிஞ்சிய படகுகளும் வழங்கப்பட்டதை ஆய்வாளர் பலர் பின்னர் சுட்டிக்காட்டினர். பொருளைக் கொடுப்பது ஒரு நாள் செயல். அதை ஓடவைப்பது பல்லாண்டுச் செயல். படம் எடுத்து வெளியிட அதில் எதுவும் இராது.

இன்று நம் பங்குகளில் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப் பலரும் திட்டமிடுகிறோம். கடற்கரை ஊரிலாயினும் கரிசல் ஊரிலாயினும், பழுதுபார்க்கும் கைக்கு உரிய மதிப்பைத் தந்திருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று. எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகள் தொட்டியில் எழும் குமிழியைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடிப்பதால்தான், விடியலில் போன படகு மாலையில் கரை திரும்புகிறது.