கச்சிக் காமக்கோட்டமும் திருக்காமக்கோட்டங்களும்

சிவாலயங்களில் இறைவன் திருமுன்னுக்கு அயலே அம்மைக்கெனத் தனித் திருமுன் அமைந்திருத்தலை யாவரும் காண்கின்றோம். சோழர்காலக் கல்வெட்டுக்கள் அதனைத் 'திருக்காமக்கோட்டம்' என வழங்குகின்றன. ஊர்தோறும் அம்மைக்குத் திருநாமம் வேறு வேறாக இருப்பவும், அவள் எழுந்தருளிய கோயிலுக்கு மட்டும் இவ்வொரு பெயரே பொதுப்பெயராயினமை எங்ஙனம்? இவ் வினாவுக்கு விடை காஞ்சிமாநகரில் உள்ளது.

அதனைக் காணுமுன் ஒரு தடையை ஆராய்தல் வேண்டும். தனிக் கோயில்களைப் பற்றிய கல்வெட்டுக்கள் 11-ஆம் நூற்றாண்டு தொடங்கியே பெருகிக் காணப்படுதலின், அதற்கு முன்னர்ச் சிவநெறியில் அம்மை வழிபாடு இருந்ததில்லை என்றும், அஃது இடைக்காலத்து வந்து ஒட்டியதென்றும் கூறுவாருளர். இக்கூற்று நிலைபெறுமாயின், அம்மையப்பர் என நாம் நாளும் போற்றுவது பிற்காலப் புனைவாய் முடியும். ஆகலின் இதனைப் பொருட்படுத்தாது விடுதல் தகாது. சான்றுகளை முறைப்பட நோக்குவாம்.

முதற்கண் திருமுறைச் சான்று. காஞ்சியிலுள்ள தலங்களுள் ஒன்று திருவோணகாந்தன்தளி. ஆண்டு நம்பியாரூரர் அருளிய பதிகம் தோழமை உரிமையால் இறைவனை ஏசுவதுபோல் அமைந்தது. அதன்கண், பழைய ஊராகிய கச்சியில் காமக்கோட்டம் இருப்பவும் நீர் ஊர்தோறும் சென்று பிச்சை ஏற்பது எற்றுக்கு என வினவுகின்றார். அம்மை அறம் வளர்க்கும் இடம் அக்கோட்டம். அவள் மனையில் உணவுக்குக் குறைவின்மையின் இறைவற்கு இரத்தல் வேண்டாவென்பது அவ்வினாவின் நயம். நம்பியாரூரர் 11-ஆம் நூற்றாண்டுக்கு மிக முற்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அவர் காலத்திலேயே காமக்கோட்டம் யாவரும் அறிந்த அறநிலையமாக விளங்கிற்று. அறியப்படாததொன்றைச் சுட்டி நகையாடுதல் யாங்ஙனம் கூடும்?

12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான், திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்துள் இவ்வரலாற்றை விரித்துரைக்கின்றார். அம்மை கம்பையாற்றின் கரையில் மாவின்கீழ் இறைவனைப் பூசித்தனள். வெள்ளம் பெருகி வந்தபோது தன் நலம் கருதாது இலிங்கத் திருமேனியைத் தழுவிக்கொண்டனள். இறைவன் குழைந்து காட்சி தந்தருளினன். அதன்பின் இருநாழி நெற்கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் அந்நகர்க்கண் வளர்த்தனள் என்பது புராணம். பூசையும் அறமும் ஒருங்கே நிகழ்ந்த இடமாதலே காமக்கோட்டத்தின் தனிச்சிறப்பு.

இனிக் கற்சான்று. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ வேந்தனாகிய இராசசிம்மன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிற் கருவறையுள், இலிங்கத் திருமேனியின் பின்சுவரில் இறைவனும் உமையும் குமரனும் ஒருங்கிருக்கும் சோமாஸ்கந்த வடிவம் அமைந்துள்ளது. அம்மைக்குத் தனிக் கோயில் அங்கு இல்லை. இறைவன் கருவறையே அவளுக்கும் இடமாயிற்று. 1010-இல் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்தையும் காண்க. இன்று ஆண்டுள்ள பெரியநாயகி கோயில் 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்து எழுந்தது. இதனால் இராசராசன் அம்மையை வழிபட்டிலன் எனல் பொருந்துமோ? ஆடவல்லார், தக்ஷிணமேரு விடங்கர் முதலிய திருமேனிகளோடு உமாபரமேசுவரியார் திருமேனிகளும் எழுந்தருளுவிக்கப்பெற்றமையை அக்கோயிற் கல்வெட்டுக்களே கூறுகின்றன. எனவே பிற்காலத்து வந்தது தனித் திருமுன் அமைக்கும் வழக்கமேயன்றி வழிபாடு அன்று என்பது தெளிவு.

அவ்வழக்கம் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் சோழநாடெங்கும் பரவிற்று. தில்லையில் சிவகாமி அம்மை கோயில் திருப்பணியை முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோர் காலத்துத் தலைவனான மணவிற் கூத்தன் நரலோகவீரன் மேற்கொண்டனன். இங்ஙனம் எழுந்த கோயில்களுக்குப் பெயரிடுங்கால், முன்னரே புகழ்பெற்றிருந்த கச்சிக் காமக்கோட்டத்தின் பெயரையே நம் முன்னோர் எடுத்தாண்டனர் போலும். தில்லைத் திருக்கூத்தரங்கின் பெயராகிய அம்பலம் பிற தலங்களின் கூத்தரங்குகட்கும் ஆகி வழங்குமாறு போல்வது இது.

இதனோடு இயைவதொரு வழக்கு காஞ்சியில் உண்டு. அந்நகரத்துப் பழைய சிவாலயங்களில் அம்மைக்குத் தனி மூலத்தானம் அமைத்தலில்லை; காமாட்சியம்மை ஒருத்தியே அனைத்துக்கும் பொதுவாவள் என்பர். திருவேகம்பத்தில் ஏலவார்குழலியம்மை விழாத் திருமேனியாக எழுந்தருளிப் பங்குனியுத்திரத்தில் திருமணங் கொண்டருளுகின்றனள்.

காமக்கோட்டத்து மூலத்தானத்தில் அம்மை கரும்புவில், மலர்க்கணை, பாசம், அங்குசம் ஏந்திய நாற்கரத்தினளாய்ப் பதுமாசனத்தில் வீற்றிருக்கின்றனள். திருமுன்னர் ஸ்ரீசக்கரம் விளங்க, அதற்குக் குங்கும அருச்சனை நிகழ்கின்றது. ஆண்டுப் பெருவிழா மாசித் திங்களிலும், நவராத்திரி விழா புரட்டாசியிலும் சிறப்புற நடைபெறுகின்றன. போர்க்குழப்பம் மிக்க காலத்துப் பங்காரு காமாட்சி எனப்பெறும் பொற்றிருமேனியை அருச்சகர்கள் காஞ்சியினின்றும் எடுத்துச்சென்று பலவிடங்களிற் காத்தனர். திருவாரூரில் தங்கிப் பின்னர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையை அடைந்த அத்திருமேனி இன்றும் ஆண்டே மேலவீதிக் கோயிலில் வழிபடப்பெறுகின்றது. இசைப்புலவராகிய சியாமா சாத்திரியார் (1762–1827) அவ்வம்மைக்குப் பூசைபுரியும் குடியிற் பிறந்து, அவளையே பாடி உய்ந்தவர். ஊர் விட்டு ஊர் பெயரினும் பூசை விட்டொழியாமை நம்மவர் பற்றின் உறுதிக்குச் சான்றாம்.

இனி, தனித் திருமுன் அமைத்தல் சிவத்தையும் சத்தியையும் இரு பொருளாகப் பிரித்ததாகாதோ எனின், ஆகாது. ஞாயிறும் கதிரும்போலச் சிவமும் சத்தியும் பிரிவற நிற்பன என்பது சித்தாந்தத் துணிபு. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இறைவன் தன் ஆணையாகிய சத்தியொடு நீக்கமின்றி நிற்றலை நிறுவினார். கதிரின் வாயிலாகவன்றி ஞாயிற்றைக் காண்டல் இயலாது. அருளின் வாயிலாகவன்றிச் சிவத்தை அடைதலும் இயலாது. அவ்வருளை எளியேமும் அணுகுதற்கென அமைந்த வாயிலே திருக்காமக்கோட்டம்.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. இருநாழி நெல்லால் அறம் வளர்த்தவள் பெயரைத் தாங்குவன அத்திருமுன்கள். அங்கே விளக்கும் மாலையும் மலிந்து, வாயிலில் பசித்தவன் உண்ணாது பெயர்வானாயின், அவ்விடத்துக்குக் காமக்கோட்டம் என்னும் பெயர் பொருந்துமாறில்லை. இயன்ற அளவு ஒருபிடியேனும் ஈதலே அவ்வழிபாட்டின் நிறைவென அன்பர்கள் கடைப்பிடிப்பார்களாக.