தாயுமானவரும் டூலாவும்

திருச்சி மலைக்கோட்டைக்குப் போனவர்களுக்குத் தாயுமானவர் கதை தெரிந்திருக்கும். இரத்தினாவதி என்ற வணிகர் குலப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. சிவபெருமானே தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்க்கிறார். உண்மைத் தாய் வந்து சேர்ந்ததும் மறைகிறார். சித்திரைத் திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்று இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்துகிறார்கள். வைத்தியராகவே வந்திருக்கலாமே, ஏன் தாயாக வர வேண்டும்? சிறுவயதில் நான் கேட்ட இந்தக் கேள்விக்குப் பாட்டி சொன்ன பதில்: “வைத்தியச்சி ஊர்ல இருப்பாடா. அம்மாதான் அக்கரையில இருந்தா.”

நம்மைப் போல் பிழைப்புக்காக வடக்கே வந்தவர்களுக்கு அக்கரை என்பது இரண்டாயிரம் கிலோமீட்டர். வளைகாப்பு முடிந்ததும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது டில்லித் தமிழர் வழக்கம். என் மனைவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாமியார் முன்பே காலமாகிவிட்டார். 1979 டிசம்பரில் இங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். லேபர் வார்டு கதவு சாத்தப்பட்டது. பதினாறு மணி நேரம் நான் வராந்தாவில். உள்ளே அவளுக்குத் தெரிந்த இந்தி ‘பானி’ ஒன்றுதான். “ஜோர் லகாவோ” என்று யாரோ அதட்டியபோது, தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்தாளாம். பக்கத்துக் கட்டிலில் தானும் வலியோடு கிடந்த ஒரு பஞ்சாபிப் பெண் கையை நீட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. குழந்தை நன்றாகப் பிறந்தது. மருத்துவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பதினாறு மணி நேரத்தைப் பற்றி மனைவி பேச ஆரம்பித்ததே பல வருஷம் கழித்துத்தான்.

பழைய பிரசவ அறையில் இரண்டு வேலைகள் இருந்தன. மருத்துவச்சி முன்னால் உட்கார்ந்து குழந்தையை ஏந்துவாள். பின்னால் ஒரு பெரியம்மாவோ அத்தையோ உட்கார்ந்து, பெண்ணைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி அறுத்து, ஜன்னி கண்டு போன குழந்தைகள் எத்தனையோ. மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். உயிரைக் காப்பாற்றிய கைக்கு அரிசியை எட்ட நின்று போட்ட சமூகம் நம்முடையது. 1885-இல் டஃபரின் நிதி வந்தது. 1903-இல் கர்சன் சீமாட்டி, தாய்மார்களுக்குப் பிரசவம் பார்க்கும் ‘தாயி’களுக்குப் பயிற்சி தர விக்டோரியா நினைவு நிதி தொடங்கினார். எல்லாம் முன்னால் உட்கார்ந்தவளைப் பற்றிய கவலைதான். பின்னால் உட்கார்ந்தவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1992-93 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நாலில் ஒரு பிரசவம்தான் ஆஸ்பத்திரியில் நடந்தது. 2019-21-இல் நூற்றுக்கு 89. தாய்மார் சாவும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெரியம்மா மட்டும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். கிருமி பயம், இடநெருக்கடி, பக்கத்துக் கட்டில் பெண்ணின் மானம் என்று காரணங்கள் நியாயமானவைதான்.

அவளைத் திரும்ப உள்ளே அழைத்துவந்த கதை வெளிநாட்டில் தொடங்குகிறது. ‘டூலா’ என்பது பணிப்பெண்ணைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். 1973-இல் அமெரிக்க மானிடவியலாளர் டானா ராஃபேல், தாய்ப்பால் பற்றிய தம் நூலில், புதுத் தாய்க்குத் துணையாக இருப்பவளைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். பின்னர் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்களும் அவர்களது தோழர்களும் குவாத்தமாலாவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அங்கும் நம்மூர் மாதிரியே உறவினருக்கு அனுமதியில்லை. மருத்துவம் எதுவும் தெரியாத, முன்பின் அறியாத ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முதுகைத் தடவுவது, கையைப் பிடிப்பது, பேசுவது, அவ்வளவுதான். 1980-இல் முடிவு வெளியானது. சிக்கலின்றிப் பெற்றவர்களில், துணை இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் வரை சராசரி 8.8 மணி நேரம், இல்லாதவர்களுக்கு 19.3. பிரிவுக்கு இருபது பேர் என்ற சின்ன ஆய்வுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னை அசத்தியது ஹூஸ்டன் ஆய்வு, 1991-இல் வந்தது. ஒரு பிரிவுக்கு டூலா. இன்னொரு பிரிவுக்கு, கட்டிலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், நடப்பதைக் குறிப்பெடுக்கும் ஒரு பெண். மூன்றாம் பிரிவுக்கு யாருமில்லை. சிசேரியன் ஆனவர்கள் நூற்றுக்கு முறையே 8, 13, 18. சும்மா ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்! பயம் கூடினால் வலி ஏறி இறங்கும் ஒழுங்கு கெட்டு, பிரசவம் தாமதமாகும் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். 2017-இல் 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை, ஒருசேரப் பார்த்த காக்ரேன் தொகுப்பும் இதையே காட்டியது: இடைவிடாத துணை இருந்தால் பிரசவ நேரமும் சிசேரியனும் குறைகின்றன.

நாம் பெருமைப்பட இடமுண்டு. 2004-லேயே தமிழ்நாடு அரசு, தன் மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்று கதவைத் திறந்தது. மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது 2016-இல். துணைக்கு வருபவள் பிள்ளை பெற்றவளாக இருப்பது நல்லது, தொற்றுநோய் இருக்கக்கூடாது, ஊழியர் வேலையில் தலையிடக்கூடாது என்பன நிபந்தனைகள். மறைப்பு வசதி இருந்தால் கணவனும் வரலாம். உத்தரவு இருந்தும் காவலாளி விடாத இடங்கள் உண்டு.

2018-இல் என் மருமகளுக்குத் தலைப்பிரசவம். திருநெல்வேலிப் பெண், டில்லி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, வர முடியாத நிலை. பையன் ஒரு டூலாவை ஏற்பாடு செய்தான். “கையைப் பிடிக்கக் காசா?” என்று முணுமுணுத்தேன். “எனக்கு ஒருத்தி சும்மாவே பிடிச்சா. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா?” என்றாள் மனைவி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வந்தவள் ஹரியானாக்காரி, நாற்பது வயதிருக்கும். ஊசி போடமாட்டேன், உள்பரிசோதனை செய்யமாட்டேன், அது டாக்டர் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வலி வரும்போது இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுத்துவது, நடக்கவைப்பது, கூடவே மூச்சு விடுவது, டாக்டர் சொன்னதைப் புரியும்படி எடுத்துச் சொல்வது, பிறந்ததும் பால் கொடுக்க உதவுவது: இவைதான் தன் வேலை என்றாள். பிறகு நோட்டைத் திறந்து என் மனைவி பக்கம் திரும்பினாள். வலி ஏறும்போது இந்தி மறந்துபோகும், பெண்கள் அவரவர் பாஷையில்தான் கத்துவார்கள், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். மனைவி சொல்லச் சொல்லத் தேவநாகரியில் எழுதிக்கொண்டாள்: தண்ணி. வலிக்குது. அழுத்து. போதும்.

“அம்மா?” என்று கேட்டாள் மனைவி.

“அது எனக்குத் தெரியும்” என்று சிரித்துக்கொண்டே நோட்டை மூடினாள்.