டெஸ்ட் நெகட்டிவ், கணவருக்கோ குறைபாடு: கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா?

மாதவிடாய் பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. வீட்டில் கார்டு வாங்கிப் பார்த்தால் ஒரே கோடு. கணவருக்கு விந்தணு குறைவு, குழந்தைக்கு வாய்ப்பு குறைவு என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் குமட்டலும் சோர்வும் இருக்கின்றன. கர்ப்பமாக இருக்குமோ? இருக்கலாம் என்பதே பதில்.

முதலில் கார்டைப் பார்ப்போம். கருமுட்டை வெளியாகி, கருவாகி, கர்ப்பப்பையில் பதிய 6 முதல் 12 நாட்கள் ஆகும். பதிந்த பிறகே ஹெச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரில் போதிய அளவு சேர்ந்தால்தான் இரண்டாவது கோடு விழும். மாதவிடாய் ஒழுங்கில்லாத சகோதரிகளுக்குக் கருமுட்டை தாமதமாக வெளியாகலாம். அப்போது நாள் தள்ளிப்போனதாக நாம் எண்ணும் கணக்கே தவறாகிவிடும். நிறைய தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் பார்த்தாலும் கோடு விழாமல் போகலாம். எனவே காலையின் முதல் சிறுநீரில் பார்க்க வேண்டும். அட்டையில் குறித்த நேரத்துக்குள் மங்கலாகக் கோடு விழுந்தாலும் அது கோடுதான். ஒரு வாரம் கழித்தும் நெகட்டிவ், மாதவிடாயும் வரவில்லை என்றால் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதுவும் நெகட்டிவ் என்றால் தைராய்டு, நீர்க்கட்டி, மன உளைச்சல் போன்ற காரணங்களை டாக்டர் தேடுவார். உண்மையில் பலருக்கும் காரணம் இவைதான்.

அடுத்து கணவரின் ரிப்போர்ட். 'குறைவு' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் எல்லை. இந்த எல்லை எப்படி வந்தது தெரியுமா? ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து எடுத்தது. அவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்த எல்லைக்குக் கீழே இருந்தவர்கள்! மேலும் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்து, பிறகு ஏறும். அணுவே இல்லை என்று வந்த ரிப்போர்ட்டையும் ஒரே பரிசோதனையோடு முடிவு செய்யக்கூடாது.

இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'அவனுக்குத்தான் இல்லையே, இது எப்படி?' என்ற கேள்வி சில வீடுகளில் மாமியார் வாயிலிருந்தோ, கணவனின் மனதிலிருந்தோ கிளம்பிவிடுகிறது. ஒரு லேப் தாள் சாட்சியாகாது. கற்புள்ள பெண் மீது பழி சுமத்தி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி என்று அந்நூர் அத்தியாயத்தின் 4-வது வசனம் கூறுகிறது. சந்தேகத்தை வாயில் எடுக்கும் முன், கணவர் மீண்டும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

விடை தெரியும் வரை, மாதவிடாய் வரவைக்கும் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால், கர்ப்பமாக இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, திட்டுத்திட்டாக ரத்தம், தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். இது உயிருக்கே ஆபத்தானது. அரிதாக, இதிலும் கார்டு நெகட்டிவ் காட்டுவதுண்டு. இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்பிவிட வேண்டும்.