வரைபடத்தில் ஏறிய நடைபாதை



தோட்டத்து மண் சடக்கைக் கடந்து பெரிய சாலைக்கு வரும்போது, ஓரமாக நடக்க இடம் இருக்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். பட்டணத்துக் கடைத்தெருவில் ஐந்தடி இருக்கிறது. மழையானாலும் வெயிலானாலும் பிள்ளைகளோடு அதில் நடந்துவிடலாம். 1822-ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகர விதிகளிலேயே, தெருவின் இருபுறமும் மக்கள் நடக்கக் கூரையிட்ட வழி விடவேண்டும் என்றிருந்தது. ஆனால் சாலை வரைபடத்தைப் பிரித்தால் ஐந்தடியைக் காணமுடியாது. நடப்பவனுக்கும் சைக்கிளில் போகிறவனுக்கும் உரிய வழி வரைபடத்தில் எப்படி ஏறியது என்பதை இன்று பார்ப்போம்.

பிரிட்டனின் அரசாங்க வரைபட நிலையமான ஆர்ட்னன்ஸ் சர்வே, பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் 1791-இல் தோன்றியது. அதன் முதல் வேலை இராணுவத்துக்குப் படம் வரைவது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, வண்டியோட்டிகளுக்கான படங்களும் பெருகின.

1934 டிசம்பரில், லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ சாலையோரம் சைக்கிளுக்கென்றே அமைத்த பாதையை அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்துவைத்தார். சைக்கிள் சங்கத்தார் மகிழவில்லை, எதிர்த்தார்கள். இன்று தனிப்பாதை தருகிறவர்கள் நாளை பெரிய சாலையில் ஏறாதே என்பார்களே என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீண் என்று நாம் சொல்லமாட்டோம்.

எழுபது ஆண்டுகள் சென்றன. அரசாங்க வரைபட விவரங்களைப் பயன்படுத்தப் பணமும் அனுமதியும் வேண்டியிருந்தது. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், மக்களே வரைந்து மக்களே பயன்படுத்தும் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் வரைபடத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் பலர் செயற்கைக்கோள் மூலம் இடங்காட்டும் கருவியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். சைக்கிளில் போகிறவன் வரைந்தால் சைக்கிள் பாதையை மறப்பானா? இன்று அதில் பதிந்துகொண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

பலர் கூடி எழுதினால் சொல் ஒன்றாக இருக்கவேண்டும். அதற்காக ஒவ்வொரு கோட்டோடும் குறிச்சொற்களை இணைக்கிறார்கள். சைக்கிளுக்கு வெள்ளைக்கோடு மட்டும் போட்டிருந்தால் 'லேன்', கல்லோ திட்டோ வைத்துப் பிரித்திருந்தால் 'டிராக்' என்று குறிக்கிறார்கள். லாரி உரசிக்கொண்டு போகும்போது இந்த வேறுபாடு உயிர் பற்றியது. நடைபாதைக்குச் சொல் தேடியதில் ஒரு வேடிக்கை. இந்த வரைபடம் ஆங்கிலேயர் வழக்கைப் பின்பற்றுவது. ஆனால் ஆங்கிலேயருக்குப் 'பேவ்மென்ட்' என்றால் நடைபாதை, அமெரிக்கருக்கோ வண்டி ஓடும் தளம். ஆகவே இங்கே அமெரிக்கச் சொல்லான 'சைட்வாக்' வழங்குகிறது.

அது இடப்பக்கமா, வலப்பக்கமா, இரு பக்கமுமா என்றும் குறிக்கவேண்டும். எது இடது? சாலைக் கோட்டை எந்தத் திசையில் வரைந்தார்களோ அந்தத் திசையைப் பார்த்து நின்றால் நம் இடக்கைப் பக்கம். பிறகு ஒருவர் கோட்டைத் திருப்பிவிட்டால் இடமும் வலமும் மாற்றியாகவேண்டும்.

நம்மைக் கேட்டால், இந்தச் சொற்களில் பெரியது 'நோ', அதாவது 'இல்லை' என்பதுதான். முன்பு 'நன்' என்று எழுதினார்கள், பொருள் ஒன்றே. ஒரு சாலையில் நடைபாதை பற்றி எதுவும் எழுதவில்லை என்றால் என்ன பொருள்? நடைபாதை இல்லையா, இல்லை, யாருமே போய்ப் பார்க்கவில்லையா? இரண்டும் ஒன்றல்ல. பிள்ளை பள்ளிக்கு நடந்துபோகும் சாலையில், போய்ப் பார்த்த ஒருவர் 'இல்லை' என்று எழுதிவைத்தால், அங்கே நடைபாதை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அது கையில் ஓர் ஆதாரம். வெற்றிடத்தைக் காட்டி எதையும் கேட்கமுடியாது.

இன்னும் ஒரு வழக்குத் தீரவில்லை. நடைபாதையைச் சாலைக் கோட்டிலேயே குறித்தால் போதும் என்கிறார்கள் சிலர். தனிக்கோடாக வரையவேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். சக்கர நாற்காலியில் போகிறவருக்குப் பாதையின் அகலமும், கரைக்கல் எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதும் தெரியவேண்டும். அதற்குத் தனிக்கோடே வசதி. ஆனால் தனிக்கோடு வரைந்தவர் சாலையைக் கடக்கும் இடங்களை வரைய மறந்தால், கைத்தொலைபேசி எதிர்க்கடைக்குப் போக ஊரையே சுற்றிவரச் சொல்லும். தனியாக வரைந்த இடத்தில் சாலைக் கோட்டின்மேல் 'செபரேட்' என்று எழுதிவைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. நடைபாதை உண்டு, பக்கத்துக் கோட்டில் பார் என்று அதற்குப் பொருள்.